சிவப்புக் கோடு வரை

அத்தியாயம் பதினான்கு

தொட்டியில் ஒரு பூகூட விரியவில்லை.

அண்ணிதான் முதலில் பார்த்தாள். காலை ஆறரை மணிக்கு வாயில் பிரஷ்ஷோடு கூடத்தைக் கடந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். அந்த நேரத்துக்கு நீல விளக்கின் கீழே அசைந்தாடிக்கொண்டிருக்க வேண்டிய பவளங்கள், கோபித்துக்கொண்ட குழந்தை உதட்டை மடித்துக்கொண்டதுபோல் சுருங்கிக் கிடந்தன. ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட ஜோடிக் கோமாளி மீன்கள் மட்டும் தங்களுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லாததுபோல் சுற்றிக்கொண்டிருந்தன.

"என்னங்க! கொஞ்சம் இங்க வாங்க!"

"வரேன், வரேன். வீடு ஒண்ணும் தீப்பிடிக்கலையே?"

தலையைத் துவட்டிக்கொண்டே வந்த மெக்கானிக்கின் கையிலிருந்து துண்டு நழுவியது.

பதினாறு வருடமாக லிஃப்ட் மெக்கானிக். அந்த வேலையை விட்டுவிட்டு, அடுத்தவர்கள் வீட்டு மீன்தொட்டிகளைப் பராமரிக்கும் வேலையில் இறங்கப் போகிறேன் என்று அவன் போன மாதம் அறிவித்ததும், அதற்கு வீட்டில் வெடித்த சண்டையும் நமக்குத் தெரியும். ராஜினாமாக் கடிதம் இப்போது மேனேஜரின் மேசை டிராயரில் இருக்கிறது. "இன்னைக்கு சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள ஒரு வார்த்தை சொல்லு. மேல அனுப்பணுமா, கிழிச்சுப் போடணுமா?" என்று கேட்டிருக்கிறார் அந்த நல்ல மனிதர்.

அந்த ஒரு வார்த்தை, நாலு மணிக்கு வரப்போகும் பல் டாக்டரிடம் இருந்தது. அந்த அம்மாளுக்கு மூன்று கிளினிக். மூன்றிலும் நோயாளிகள் காத்திருக்கும் இடத்தில் பெரிய கடல்நீர்த் தொட்டி. 'உங்க வீட்டுத் தொட்டியைப் பார்த்துட்டு முடிவு பண்றேன்' என்று சொல்லியிருந்தாள்.

பார்ப்பதற்குத்தான் இப்போது ஒன்றுமில்லையே!

"நேத்து சாயங்காலம்தானே பாதித் தண்ணி மாத்தினேன்? கண்ணாடி மாதிரி இருக்கட்டும்னு மாத்தினேன்!"

"மாத்தின தண்ணியில ஏதாவது..."

"பதினஞ்சு நாளைக்கு முன்னாடி நானே கலந்து வெச்ச தண்ணி. உப்பு முப்பத்தஞ்சு. நோட்டுல எழுதியிருக்கேன். மூடி போட்டு, உள்ளே பம்ப் ஓடி, சூடு சரியா இருந்து..." மூச்சு வாங்கினான். "டிரம்ல தண்ணி கரெக்டா கோட்டுல நின்னுது!"

கோடு.

இந்த வீட்டைப் பற்றி ஒன்றே ஒன்று தெரிந்துகொள்ள வேண்டுமானால் அது கோடுதான். மாமியார் முப்பது வருடம் ஒரு தொழிற்சாலை கேண்டீனைக் கட்டி ஆண்டவர். தினம் இருநூறு பேருக்குச் சாப்பாடு. அண்டா, கேன், டப்பா எதுவானாலும் சிவப்பு நகப்பூச்சால் ஒரு கோடு போட்டுவிடுவார். எடுத்தவர் யாராயிருந்தாலும் திரும்பக் கோடு வரை நிரப்பி வைக்க வேண்டும். ஓய்வு பெற்றபின் அந்தச் சட்டம் வீட்டுக்கு வந்துவிட்டது. எண்ணெய் ஜாடி, சோப்புத்தூள் டப்பா, ஃப்ரிட்ஜில் தண்ணீர் பாட்டில் எல்லாவற்றிலும் கோடு. மகன் வாங்கி வந்த இரண்டு டிரம்களுக்கும் அதே மரியாதை. நீல டிரம்மில் ஃபில்டரில் இறங்கிய சுத்தமான தண்ணீர். வெள்ளை டிரம்மில் அந்தத் தண்ணீரில் கடல் உப்பைக் கலந்து வைத்தது. சமையலறைக்குப் பின்னால் வாஷிங் மெஷினுக்குப் பக்கத்தில் இரண்டும் மாப்பிள்ளைத் தோழர்கள்போல் நின்றன.

மெக்கானிக் உப்புக்குழலை எடுத்து வந்தான். கடையில் அதற்கு வாயில் நுழையாத பெயர். ஒரு துளி நீரை விட்டு, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, கண்ணை வைத்துப் பார்த்தால் உள்ளே உப்பின் அளவு தெரியும். உப்புக்குழல் என்பது மாமியார் சூட்டிய பெயர்.

தொட்டி நீரைப் பார்த்தான். "இருபத்தெட்டு!"

வெள்ளை டிரம்மின் அடியில் மிச்சமிருந்த நீரைப் பார்த்தான். வாய் திறந்தபடி நின்றது.

"எவ்வளவுங்க?"

"இருபத்திரண்டு."

"குழல் தப்பா இருக்கலாம். குடுங்க." அவள் வேலை பார்க்கும் ரத்தப் பரிசோதனை லேபில் சொல்லிக்கொடுத்த முதல் பாடம் அதுதான். ரத்தத்தைச் சந்தேகப்படுவதற்கு முன்னால் கருவியைச் சந்தேகப்படு. நீல டிரம்மிலிருந்து ஒரு துளி எடுத்து விட்டாள். சுத்தமான தண்ணீர். பூஜ்யத்தில் நிற்க வேண்டும். நின்றது.

"குழல் ஒழுங்கா இருக்கு. அப்போ உப்புதான் ஓடிப்போயிருக்கு."

"உப்புக்குக் கால் முளைச்சுதா?"

"அதைத்தான் நானும் கேக்கறேன்."

சமையலறையிலிருந்து மாமியார் குரல் வந்தது. "உப்பு டப்பா கோட்டுல இருக்கு. என்கிட்ட கேக்காதீங்க!"

---

அண்ணி லேபுக்கு போன் செய்து லீவு சொன்னாள். தலைவலி என்று பொய் சொல்லவில்லை. "வீட்ல ஒரு கணக்கு உதைக்குது மேடம்" என்றாள். அந்த மேடமும் டெக்னீஷியனாக இருந்து வந்தவள்தான். "கண்டுபிடிச்சா நாளைக்கு எனக்கும் சொல்லு" என்று வைத்துவிட்டாள்.

மெக்கானிக் தொட்டிக்கு முன்னால் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தான். அவள் அவனுடைய நோட்டைப் புரட்டினாள். லிஃப்ட் சர்வீஸ் செய்த பழக்கம், தேதி வாரியாக எழுதி வைத்திருந்தான். வெள்ளை டிரம், கோடு. வெள்ளை டிரம், கோடு. பதினைந்து நாளும் கோடு, கோடு, கோடு.

ஒரு இடத்தில் அவள் விரல் நின்றது.

"போன ஞாயித்துக்கிழமை பழைய பம்ப்பைக் கழுவினீங்க இல்ல? எந்தத் தண்ணியில?"

"உப்புத் தண்ணியிலதான். ஒரு வாளி மொண்டேன்."

"எதிலிருந்து?"

"வெள்ளை டிரம்ல..." சொல்லி முடிக்கும் முன்னே அவனுக்கும் உறைத்தது. "திங்கக்கிழமை கலந்து ஊத்தலாம்னு நெனச்சேன். மறந்துட்டேன்."

"ஆனா திங்கக்கிழமை நோட்டுல என்ன எழுதியிருக்கீங்க?"

அவன் எட்டிப் பார்த்தான். கோடு.

"ஒரு வாளி எடுத்தா கோட்டுக்குக் கீழ இறங்கியிருக்கணும். இறங்கலை. நீங்க நிரப்பலை. அப்போ யாரோ நிரப்பியிருக்காங்க. பக்கத்துலயே இருக்கிற நல்ல தண்ணியை ஊத்தி நிரப்பியிருக்காங்க."

"அட, ஆமா! நீல டிரம் ஒரு வாரமா சீக்கிரம் சீக்கிரம் காலியாகுது. வெயில்ல தொட்டித் தண்ணி அதிகமா வத்துதுன்னு நெனச்சு ஃபில்டரை ரெண்டு மணி நேரம் கூட ஓடவிட்டேன்." அவன் எழுந்தான். முகம் சிவந்துவிட்டது. "அம்மா!"

"இருங்க, இருங்க. அத்தைக்கு முழங்கால் வலி. அந்த மூடியைக் குனிஞ்சு திறக்கவே முடியாது."

"அப்போ நீயா?"

"எட்டு வருஷமா உங்கம்மாகிட்ட திட்டு வாங்கறேன், கோடு வரைக்கும் நிரப்பலைன்னு. என்னைப் போய் கேக்கறீங்களே!"

உண்மைதான். கையில் எடுத்ததும் தன்னையறியாமல் கோடு வரை நிரப்புவதென்றால் அது இந்த வீட்டில் பிறந்து வளர்ந்த கையாகத்தான் இருக்க வேண்டும். அப்படிப்பட்டவர்கள் இருவர். ஒருவன் எதிரில் நிற்கிறான்.

இன்னொருத்தி மாடியில் இருக்கிறாள்.

அண்ணி அதை வாய்விட்டுச் சொல்லவில்லை.

---

வாலு வந்து ஆறு வாரமாகிறது. முப்பத்தொரு வயதானாலும் வீட்டில் அவள் வாலுதான். சின்ன வயதில் செய்த சேட்டைக்கு வைத்த பெயர். ஒரு பெட்டியோடு பஸ்ஸிலிருந்து இறங்கி வந்து, "கொஞ்ச நாள் இருந்துட்டுப் போறேன்" என்று மாடி அறைக்கு ஏறிப்போனவள். புருஷனோடு என்ன சண்டை என்று யார் கேட்டும் பதில் இல்லை. அவர் இரண்டு தடவை போன் செய்தார். இரண்டு தடவையும் மாமியார்தான் பேசினார். சாப்பாட்டுக்கு மட்டும் கீழே வருவாள். தட்டைக் கழுவி வைத்துவிட்டு, காற்று மாதிரி போய்விடுவாள்.

அண்ணி துணி துவைக்கும் இடத்தில் குனிந்து தரையைப் பார்த்தாள். வெள்ளை டிரம்மின் அடியில் பொட்டுப் பொட்டாகச் சுண்ணாம்பு தெளித்ததுபோல் இருந்தது. ஒன்றை விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள்.

உப்பு.

நல்ல தண்ணீர் சிந்தினால் காய்ந்து மாயமாகிவிடும். உப்புத் தண்ணீர் சிந்தினால் சாட்சி வைத்துவிட்டுப் போகும். பொட்டுகள் இரண்டு பக்கம் போயின. ஒரு வரிசை பக்கவாட்டுச் சந்து வழியாக வாசல் கேட்டை நோக்கி. நேற்று அவன் பழைய தண்ணீரை வெளியே கொண்டுபோயிருப்பான் என்று அதை விட்டுவிட்டாள். இன்னொரு வரிசை படிக்கட்டில் ஏறியது. ஒரு படிக்கு ஒரு பொட்டு. சில படிகளில் இரண்டு. மூச்சு வாங்க நின்ற படியில் நாலைந்து.

ஏறினாள். கதவு சாத்தியிருந்தது. உள்ளே கொட கொடவென்று ஏதோ மெல்லக் குமிழியிட்டது.

"வாலு?"

குமிழிச் சத்தம் மட்டும்.

"கதவைத் திற. நான் மட்டும்தான்."

தாழ்ப்பாள் விலகியது. வாலு வழியை மறித்து நின்றாள். முடியைத் தூக்கிக் கட்டி, அண்ணனின் பழைய சட்டையை முழங்கை வரை மடித்துவிட்டிருந்தாள். அவள் தோளுக்கு மேலே அண்ணி எட்டிப் பார்த்தாள். மேசைமேல் துணி ஊறவைக்கும் பெரிய டப். அதைச் சுற்றிக் கறுப்புத் துப்பட்டா. மேலே ஒரு மேசை விளக்கு. ஒரு காற்றுக் குழாய். பக்கத்தில் பச்சையாகக் கலங்கிய தண்ணீரோடு இரண்டு பாட்டில்கள்.

"என்னடி இது, நீயும் லேப் வெச்சிருக்கியா?"

வாலு வழிவிட்டாள்.

டப்பில் முதலில் ஒன்றும் தெரியவில்லை. கண் பழகியதும் தெரிந்தது. அரிசி அளவு இருக்கும். ஆரஞ்சு. ஒன்று, இரண்டு, நாலு... ஒன்பது. ஒவ்வொன்றின் தலைக்கும் பின்னால் பென்சிலால் இழுத்ததுபோல் ஒரு வெள்ளைக் கீற்று.

"ஐயோ!" என்றாள் அண்ணி. அது பயத்தில் வந்த ஐயோ இல்லை. "கீழ இருக்கிற ஜோடியோட குட்டிங்களா?"

"ஆமா அண்ணி. பாறைக்கு அடியில முட்டை போட்டுச்சு இல்ல? அண்ணன் என்ன சொன்னான்? 'பொரிச்சா எல்லாம் பம்ப்ல போயிடும், இல்ல அதுங்களே சாப்பிட்டுடும், வீட்ல ஒண்ணு கூடப் பிழைக்காது, விடு'ன்னான். பொரிச்ச அன்னைக்கு டார்ச்சைக் காட்டி, வெளிச்சத்துக்கு வந்ததைக் கிளாஸ்ல மொண்டுட்டேன். அந்தப் பச்சைத் தண்ணிதான் இதுங்களுக்குத் தீனி. பன்னெண்டு நாளாச்சு. நேத்துதான் இந்தப் பட்டை வந்துது." வெளியே வந்த வார்த்தைகளை வாலுவே ஆச்சரியமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். ஆறு வாரத்தில் பேசியதையெல்லாம் சேர்த்தாலும் இவ்வளவு வராது.

"எங்ககிட்ட சொல்லியிருக்கலாமே?"

வாலு டப்பின் விளிம்பைத் துடைத்தாள். துடைத்த இடத்தையே மறுபடியும் துடைத்தாள்.

"ஒண்ணு ஊரறிய தோத்தாச்சு அண்ணி. இதாவது யாருக்கும் தெரியாம தோக்கட்டும்னு இருந்தேன்."

அண்ணி அவள் தோளில் கை வைத்தாள். ஆனால் மணி ஒன்பதரை. கேட்டாக வேண்டும்.

"தினம் வெள்ளை டிரம்ல இருந்து எவ்வளவு எடுக்கற?"

"ரெண்டு ஜக். இதோட தண்ணியை மாத்தணுமில்ல?"

"எடுத்துட்டு?"

"கோடு வரைக்கும் நிரப்பிடுவேன்." கேட்கவே வேண்டாத கேள்வி என்பதுபோல் பார்த்தாள் வாலு.

"எந்தத் தண்ணியால?"

"நீல டிரம். அண்ணன் அப்படித்தானே செய்யறான்? தொட்டியில தண்ணி இறங்கினா நல்ல தண்ணியை ஊத்தித்தானே ஏத்தறான்? உப்புத் தண்ணியை ஊத்தக் கூடாதுன்னு எத்தனை தடவை சொல்லியிருக்கான்!"

அண்ணி மெதுவாகக் கட்டிலில் உட்கார்ந்தாள். சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

"தொட்டியில தண்ணி ஆவியா போகுது வாலு. ஆவி உப்பைத் தூக்கிட்டுப் போகாது, உப்பு உள்ளேயே தங்கிடும். அதனால நல்ல தண்ணி ஊத்தறார். நீ ஜக்ல மொண்டா உப்பும் சேர்ந்தில்ல வருது!"

வாலுவின் கை நின்றது. அவள் முகத்தில் கணக்கு ஓடுவது தெரிந்தது. பன்னிரண்டு நாள். நாளுக்கு இரண்டு ஜக். நேற்று அண்ணன் மாற்றிய பாதித் தண்ணீர்.

"கீழ... கோரல்?"

"மூடிக்கிச்சு."

"ஆனா என் குட்டிங்க நல்லாத்தானே இருக்கு!"

"மீன் கொஞ்சம் உப்பு குறைஞ்சாலும் தாங்கும். உங்கண்ணனோட பூக்கள் தாங்கலை."

கீழேயிருந்து ஏதோ கவிழ்ந்த சத்தம். உப்பு மூட்டையை இழுக்கும் சத்தம். அண்ணி சட்டென்று எழுந்தாள்.

---

மெக்கானிக் வாளியில் உப்பை அள்ளி அள்ளிக் கொட்டிக் கலக்கிக்கொண்டிருந்தான்.

"என்ன பண்றீங்க?"

"கெட்டியா கலந்து தொட்டியில விட்டா ஒரு மணி நேரத்துல முப்பத்தஞ்சுக்கு ஏறிடும். நாலு மணிக்குள்ள விரிஞ்சுடும்."

"ஒரே நாள்ல இறக்கிட்டீங்க. ஒரே நாள்ல ஏத்தவும் போறீங்களா? மூடினது செத்தே போயிடும்."

"செத்தா என்ன, மூடியிருந்தா என்ன? அந்தம்மா வந்து பாக்கறப்போ ரெண்டும் ஒண்ணுதான்! நான் அஞ்சு மணிக்கு ஒரு வார்த்தை சொல்லணும்டி!"

வாளியைத் தூக்கிவிட்டான். அண்ணி கூடத்து வாசலில் குறுக்கே நின்றாள். எட்டு வருடத்தில் அவள் அவன் வழியை மறித்தது அதுதான் முதல் தடவை. இருவருக்கும் அது தெரிந்தது.

"அண்ணா."

படிக்கட்டில் வாலு நின்றிருந்தாள். கண்ணாடிக் கிண்ணத்தை இரண்டு கையாலும் ஏந்தியிருந்தாள்.

"நான்தான்ணா. தினம் எடுத்தது நான்தான். வாளியைக் கீழே வை. இதைப் பாரு. பாத்துட்டு அடிக்கறதுன்னா அடி."

அவன் வாளியை வைத்தான். கிண்ணத்துக்குள் குனிந்தான். இரண்டே இரண்டு மீன்.

"பட்டை வந்துடுச்சு" என்றான் அவன், யாரிடமோ சொல்வதுபோல்.

முழங்காலைப் பிடித்துக்கொண்டு மாமியார் வந்தார். அண்ணி நடந்ததைச் சொன்னாள். மாமியார் மகளைத் திரும்பிப் பார்த்து ஒரே கேள்வி கேட்டார்.

"எடுத்துட்டுக் கோடு வரைக்கும் நிரப்பினியா?"

"நிரப்பினேம்மா."

"அப்புறம் என்ன தப்பு?"

மெக்கானிக் சுவரில் முட்டிக்கொள்ளாத குறை. அண்ணி மறுபடி ஆரம்பித்தாள். ஆவி, உப்பு, ஜக். பாதியிலேயே மாமியார் கையை உயர்த்தி நிறுத்தினார்.

"புரிஞ்சுது, புரிஞ்சுது. அண்டா கொதிச்சு வத்தினா வெறும் தண்ணியை ஊத்தலாம். கரண்டி போட்டு எடுத்தா, ஊத்தற தண்ணிக்கு உப்பும் போடணும். அவ்வளவுதானே? ஏன்டி, இருநூறு பேருக்கு சமைச்சவ வயித்துல பொறந்துட்டு இது தெரியலையா உனக்கு?"

"நீ கோட்டை மட்டும்தானேம்மா சொல்லிக்குடுத்த!"

மாமியார் திரும்பி, துணி துவைக்கும் இடத்தில் நின்ற வெள்ளை டிரம்மைப் பார்த்தார்.

அண்ணிக்குத் திடீரென்று ஒன்று தோன்றியது. "ஏங்க, தொட்டியில தினம் மூணு லிட்டர் வத்துதில்ல? இனி கொஞ்ச நாளைக்கு அதுக்கு நல்ல தண்ணியை ஊத்தாதீங்க. சரியா கலந்த உப்புத் தண்ணியை ஊத்துங்க. வத்த வத்த உப்பு தங்கும், மெள்ள மெள்ள தானா ஏறும். அவசரமே வேண்டாம்."

எந்தத் தப்பைச் செய்யக் கூடாது என்று அவன் ஊருக்கெல்லாம் சொல்லி வந்தானோ, அதுவே இப்போது மருந்து. அவன் வாளியைப் பார்த்தான், கடிகாரத்தைப் பார்த்தான்.

"ரெண்டு வாரமாவது ஆகும்."

"ஆகட்டும்."

"அந்தம்மா நாலு மணிக்கு வராங்க."

"வரட்டும்."

---

பல் டாக்டர் நாலு அடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போதே வந்துவிட்டாள். ஒல்லியான, நரைத்த, எதையும் அவசரமாகப் பார்க்காத பெண்மணி. செருப்பைக் கழற்றிவிட்டு நேரே தொட்டிக்கு முன்னால் போய் நின்றாள். ஓரமாக ஒரே ஒரு சின்னப் பவளம் பாதி விரிந்திருந்தது. மற்றதெல்லாம் காலையில் இருந்தபடியே.

"எல்லாம் மூடியிருக்கே?"

"அது... இன்னைக்கு லைட்டை மாத்தினேன் டாக்டர், அதுக்கு..." மெக்கானிக்கின் கண் தற்செயலாக மனைவியின் பக்கம் போனது. அவள் டீத் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவ்வளவுதான். அவன் தொண்டையைச் செருமினான்.

"இல்ல டாக்டர். லைட் இல்ல. நேத்து பாதித் தண்ணி மாத்தினேன். மாத்தறதுக்கு முன்னாடி டிரம்மை அளக்கலை. கோட்டுல நிக்குதேன்னு நம்பி ஊத்திட்டேன். உப்பு ஒரேயடியா இறங்கிடுச்சு. என் தப்பு."

"இறங்கினது எப்படித் தெரிஞ்சுது?"

அவன் சொன்னான். நோட்டைக் காட்டினான். டாக்டர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு வரியாகப் படித்தாள். பிறகு, "அந்த டிரம்மைப் பாக்கலாமா?" என்றாள். துணி துவைக்கும் இடத்தில் நின்று, மூடியைத் திறந்து, உப்புக்குழலில் கண்ணை வைத்து, தரையில் பொட்டுகளைக் குனிந்து பார்த்து, அப்புறம் மாடிக்கு ஏறி டப்பைப் பார்த்து... தொட்டிக்கு முன்னால் இரண்டு நிமிடம் நின்றவள், இதற்கெல்லாம் அரை மணி நேரம் செலவழித்தாள். டீ ஆறிப்போனது.

"எங்க கிளினிக்லயும் ரெண்டு டிரம் இருக்கு" என்றாள் கீழே வந்ததும். "மூடி போட்டுத்தான் இருக்கு. அதுக்குள்ள என்ன இருக்குன்னு நான் ஒருநாளும் கேட்டதில்லை. தரை துடைக்கற அம்மா அதுல ஒரு வாளி எடுத்திருந்தாக்கூட எனக்குத் தெரிஞ்சிருக்காது. முன்னாடி வந்தவர் மூணு மாசமா 'எல்லாம் நல்லா இருக்கு மேடம்'னுதான் சொன்னார். மீன் மிதக்கற அன்னைக்கும் அதையேதான் சொன்னார்."

மெக்கானிக் தலையாட்டினான். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை.

"மூணு கிளினிக்கும் குடுக்க மாட்டேன். இன்னைக்கு நீங்க பண்ணின தப்பும் சின்னத் தப்பு இல்லை." டாக்டர் செருப்பை மாட்டிக்கொண்டாள். "ஒண்ணு குடுக்கறேன். மூணு மாசம் பாப்போம். அளக்காம 'நல்லா இருக்கு'ன்னு ஒரு நாள் சொன்னா, அன்னைக்கோட சரி."

கேட் சாத்திய சத்தம் கேட்டபோது ஐந்து மணிக்கு இன்னும் எட்டு நிமிடம் இருந்தது.

கேட்டது மூன்று, கிடைத்தது ஒன்று. அதுவும் மூன்று மாதத்துக்கு. அவன் போனைக் கையில் வைத்துக்கொண்டு மனைவியைப் பார்த்தான். 'நீ என்ன சொல்ற?' என்று கேட்கிற பார்வை. இந்த விஷயத்தில் ஒரு மாதமாக அவன் அவளைக் கேட்டதே இல்லை.

"உங்களுக்கு இன்னைக்கு எது கஷ்டமா இருந்துச்சு?" என்றாள் அவள். "பூ மூடினதா, லைட்டுன்னு சொன்னதா?"

அவன் யோசிக்கவே இல்லை. "லைட்டுன்னு சொன்னதுதான்."

"அப்போ போன் பண்ணுங்க. என் சம்பளம் இருக்கு. சமாளிப்போம்."

பண்ணினான். "சார், நான்தான். ஆமா சார். மேல அனுப்பிடுங்க."

சமையலறைப் பக்கம் வேறு ஒரு வாசனை. நகப்பூச்சை அழிக்கும் திரவம். மாமியார் முக்காலி போட்டு உட்கார்ந்து, பஞ்சால் வெள்ளை டிரம்மின் சிவப்புக் கோட்டைத் தேய்த்துக்கொண்டிருந்தார். இத்தனை வருடத்தில் அவர் அழித்த முதல் கோடு. அண்ணி பார்ப்பதைக் கண்டதும், "என்ன பாக்கற? இதுக்குக் கோடு பத்தாது. உப்புக்குழல் வெச்சுத்தான் பாக்கணுமாம்" என்று முணுமுணுத்தார்.

---

அண்ணி ஈரத்துணியோடு தரையைத் துடைக்க உட்கார்ந்தாள். படிக்கட்டுப் பொட்டுகள் போயின. பிறகு சந்துப் பக்கம் திரும்பினாள். வாசல் கேட் வரை வரிசையாக வெள்ளைப் பொட்டுகள்.

"என்னங்க, நேத்து பழைய தண்ணியை வாசல் வழியாவா தூக்கிட்டுப் போனீங்க?"

"எதுக்குத் தூக்கணும்? ஹோஸ் போட்டு வாஷிங் மெஷின் குழியில விட்டேன்."

அண்ணி துணியைக் கீழே போட்டுவிட்டு மாடிக்குப் போனாள்.

வாலு அண்ணன் புதிதாகக் கலந்து கொடுத்த நீரைச் சொட்டுச் சொட்டாக டப்பில் விட்டுக்கொண்டிருந்தாள். பக்கத்தில் அவளும் ஒரு நோட்டு வைத்திருந்தாள். அண்ணன் தங்கை, போகுமா பழக்கம்? அண்ணி அதை எடுத்தாள். எட்டாம் நாள்: பதினெட்டு. ஒன்பதாம் நாள்: ஒன்பது. அதற்கு நேரே, செத்தது: இல்லை.

காலையில் ஒரு கணக்கு உதைத்தது. மாலையில் இன்னொன்று.

"பதினெட்டு இருந்துது. செத்தது இல்லை. இங்க ஒன்பதுதான் இருக்கு. மீதி ஒன்பது எங்க?"

சொட்டு நின்றது. வாலுவின் காது மடல் சிவந்தது. ஆனால் உதட்டோரம் ஆறு வாரமாகக் காணாமல் போயிருந்த ஏதோ ஒன்று எட்டிப் பார்த்தது.

"பத்திரமா இருக்கு அண்ணி."

"எங்கன்னு கேட்டேன்."

"ஒரு சின்னக் கேன் தண்ணியும் குடுத்திருக்கேன். அங்கயும் கோடு போட்டு..." என்று ஆரம்பித்தவள் சட்டென்று நிறுத்தினாள். முகம் வெளுத்தது. "எடுத்த அளவுக்கு நல்ல தண்ணியை ஊத்தச் சொல்லியிருக்கேன் அண்ணி! மூணு நாளா ஊத்திக்கிட்டிருப்..."

இருப்பாரா, இருப்பாங்களா? வார்த்தையின் மிச்சத்தை விழுங்கிவிட்டாள். மேசையிலிருந்த உப்புக்குழலை எடுத்துக்கொண்டாள். புது நீர் ஒரு பாட்டில். செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் படிகளில் தடதடவென்று இறங்கினாள்.

"ஏய், எங்கடி ஓடற?" என்று மாமியார் கத்துவது கேட்டது.

அண்ணி ஜன்னலுக்குப் போனாள். கேட்டுக்கு வெளியே இடது பக்கம் திரும்பினால் கடைத்தெரு. மீன் கடையும் அங்கேதான். வலது பக்கம் பஸ் நிறுத்தம். ஆறு வாரத்துக்கு முன் ஒற்றைப் பெட்டியோடு வாலு வந்து இறங்கிய நிறுத்தம். புருஷன் வீட்டுக்கு அங்கிருந்து ஒரே பஸ்.

பாட்டிலை மார்போடு அணைத்துக்கொண்டு வாலு கேட்டைத் தாண்டினாள்.

வலது பக்கம் திரும்பினாள்.